மஞ்சள் ஆற்றின் வெள்ளங்கள்: இயற்கையின் சீற்றமா, ஆட்சியாளரின் தீர்மானமா?

வெள்ளம், வரட்சி, சூறாவளி, மண்சரிவு ஆகியவற்றை இயற்கை அனர்த்தங்கள் என்னும் ஒரே தொடரில் அடக்கிக் கூறுவது பௌதிகப் புவியியல் நூல்களின் வழக்கமாகும். வகைப்படுத்தும் வசதி கருதி எழுந்த இவ்வழக்கு நாளடைவில் ஒரு தீர்ப்பாகவும் மாறிவிட்டது. மழை பெய்வது இயற்கை. ஆறு பெருகுவது இயற்கை. ஆகவே அதனால் மக்கள் மாள்வதும் இயற்கையே என்னும் எண்ணம் அத்தொடருக்குள் மறைந்து கிடக்கின்றது. ஆனால், மழை பெய்வதற்கும் மக்கள் மாள்வதற்கும் இடையே கரையணைகள் உள, குடியேற்றங்கள் உள, வரிகளும் போர்களும் உள, அரசவைகளில் எடுக்கப்பட்ட முடிவுகள் உள. இவை யாவும் வரலாற்றின்பாற்பட்டவை.

இவ்வுண்மையை ஆராய்வதற்குச் சீனத்தின் ஹொவாங்ஹோவைப் போல வாய்ப்பான ஆறு உலகில் அரிது. சீனாவின் துயரம் என்று பாடநூல்கள் அறிமுகஞ் செய்யும் இம்மஞ்சள் ஆற்றின் போக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக ஏடுகளிற் பதியப்பெற்று வந்துள்ளது. அக்காலப்பகுதியில் அதன் கரைகள் 1500 தடவைகளுக்கு மேல் உடைந்தன என்றும், 26 தடவைகள் அது தன் போக்கைப் பெரிதும் மாற்றிக்கொண்டது என்றும் சீன நீரியல் வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். இத்துயரத்தில் ஆற்றின் பங்கு யாது, ஆற்றை ஆண்டவர்களின் பங்கு யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

ஆறும் அதன் வண்டலும்

திபெத்திய மேட்டுநிலத்தின் வடகிழக்கே, சிங்காய் மாகாணத்தில் ஊற்றெடுக்கும் ஹொவாங்ஹோ 5464 கிலோமீற்றர் தூரம் ஓடிப் பொஹாய் கடலிற் கலக்கின்றது. அதன் நடுப்பகுதி லோயஸ் மேட்டுநிலத்தை ஊடறுத்துச் செல்கின்றது. ஏறத்தாழ 640,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இம்மேட்டுநிலத்தின் மண் காற்றினாற் கொண்டுவரப்பட்டது. சென்ற இருபத்தாறு இலட்சம் ஆண்டுகளில் பனிக்கட்டிக் காலங்கள் மாறிமாறி வந்தபோது, வடமேற்கிலுள்ள வரண்ட பாலைநிலங்களிலிருந்து குளிர்காலக் காற்றுகள் வாரிவந்த நுண்துகள்கள் இங்குப் படிந்தன. பல இடங்களில் அப்படிவு நூறு மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புடையது. குளிரும் வரட்சியும் மிக்க காலங்களிற் படிவு விரைந்து நிகழ்ந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க காலங்களில் அதன்மேல் மண்படைகள் விருத்தியடைந்தன. புவியின் காலநிலை மாற்றங்களைக் கூறும் மிக நீண்ட பதிவேடுகளுள் ஒன்றாக இந்நிலம் விளங்குவது இதனாலேயே.

மாவினையொத்த இம்மண் உழுவதற்கு எளிது, கரைவதற்கும் எளிது. ஆண்டு மழையின் பெரும்பகுதி கோடைப் பருவக்காற்றுக் காலத்திற் சில கடும் மழைகளாகவே பொழிகின்றது. காடும் புல்லும் அகற்றப்பட்ட சரிவுகளில் விழும் அம்மழை மண்ணை அரித்து ஆற்றிற் சேர்க்கின்றது. 1970ஆம் ஆண்டுகளுக்கு முன்னர் ஹொவாங்ஹோ ஆண்டுதோறும் சராசரியாக 160 கோடி தொன் வண்டலைச் சுமந்து வந்தது. யாங்சி ஆற்றின் நீரிற் பதினைந்தில் ஒரு பங்கேனும் இதில் இல்லை; வண்டலோ யாங்சியினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

செங்சௌ நகருக்கு அண்மையிற் சமவெளியை அடைந்ததும் ஆற்றின் சாய்வு குறைகின்றது, வேகம் தளர்கின்றது, வண்டல் படிகின்றது. தடையில்லாதவிடத்து இத்தகைய ஆறு விசிறிபோற் பரந்து, ஒரு பாதை மேடானதும் தாழ்ந்த வேறொரு பாதையைத் தேடிக்கொள்ளும். வடசீனச் சமவெளி அவ்வாறு உருவானதே. கரையணைகள் இவ்வலைச்சலைத் தடுத்தன. சமவெளியெங்கும் விரிந்து படியவேண்டிய வண்டல் இரு கரைகளுக்கிடையே படிந்தது, படுக்கை உயர்ந்தது, கரைகளை மேலும் உயர்த்த வேண்டியதாயிற்று, உயர்த்திய கரைகளுக்கிடையே மீண்டும் வண்டல் படிந்தது. இன்று கைபெங் நகரின் அருகே ஆற்றுப்படுக்கை நகரின் தரைமட்டத்தைவிட ஏறத்தாழப் பத்து மீற்றர் உயர்ந்துள்ளது. கீழ்ப்பகுதியின் பெரும்பாலான தூரத்துக்குத் துணையாறுகள் எவையும் இதனுட் பாய்வதில்லை. பாய வேண்டுமாயின் அவை மேல்நோக்கி ஓடவேண்டும். பள்ளத்தில் ஓடவேண்டிய ஆறு, வடக்கே ஹாய், தெற்கே ஹுவாய் ஆகிய ஆறுகளின் வடிநிலங்களைப் பிரிக்கும் நீர்பிரிமேடாக நிற்பது புவியியலின் விந்தைகளுள் ஒன்று. அவ்விந்தையைச் செய்தது மனித உழைப்பாகும். ஒவ்வொரு தலைமுறையும் தன்னைக் காக்கக் கட்டிய கரை அடுத்த தலைமுறையின் அபாயத்தைச் சிறிது உயர்த்தி வைத்தது.

கரையணைகளின் தோற்றம்

சீன மரபுக்கதைகளில் வெள்ளத்தை அடக்கியவனாகப் போற்றப்படுபவன் யூ. அவன் தந்தை நீரை அணைகளால் மறித்துத் தோற்றான் என்றும், மகனோ வாய்க்கால்களை அகழ்ந்து நீரைக் கடலுக்கு வழிப்படுத்தி வென்றான் என்றும் அக்கதைகள் கூறுகின்றன. மறிப்பதா, வழிவிடுவதா என்னும் வாதம் சீனச் சிந்தனையில் எத்துணைப் பழமையானது என்பதற்கு இக்கதையே சான்று.

வரலாற்றுக் காலத்திற் கரையணைகள் அரசியற் பூசலின் நடுவே தோன்றின. கி.மு. 651இற் சீ நாட்டுக் கோமகன் தலைமையிற் சிற்றரசர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையில், பிறர்க்குத் தீங்காகக் கரையணைகளை வளைத்துக் கட்டலாகாது என்பதும் ஒரு விதியாக இருந்தது என மென்சியஸ் என்னும் நூலால் அறியக்கிடக்கின்றது. விதி எழுந்தமையே அத்தீங்கு வழக்கத்தில் இருந்தமையைப் புலப்படுத்தும். பின்வந்த போர்க்கால அரசுகளில், தாழ்நிலத்திலிருந்த சீ நாடு ஆற்றிலிருந்து 25 லி தூரத்திற் கரை கட்டியது. நீர் எதிர்க்கரையிலிருந்த சாவ், வெய் நாடுகளின்மேற் பாய்ந்தது. அவையும் அதே தூரத்தில் தத்தம் கரைகளைக் கட்டின. ஒரு நாட்டின் பாதுகாப்பு மறுநாட்டின் வெள்ளமாயிற்று.

எனினும் அக்காலத்து ஆற்றுக்கு இரு கரைகளுக்கிடையே ஐம்பது லி அகலம் எஞ்சியிருந்தது. வெள்ளம் வடிந்தபின் அவ்விடைநிலத்தில் எஞ்சிய வளமான வண்டலிற் குடியானவர் பயிரிட்டனர், பல ஆண்டுகள் வெள்ளம் வராதபோது வீடுகளைக் கட்டினர், வீடுகள் ஊர்களாயின, ஊர்களைக் காக்க உள்ளே புதிய கரைகள் எழுந்தன. ஹான் பேரரசின் காலத்திற் சில இடங்களிற் கரைக்கும் நீருக்கும் இடையே சில நூறு அடிவைப்புத் தூரமே இருந்தது. நிலமற்றவனை ஆற்றின் படுக்கைக்குட் செலுத்தியது பசியாகும். அவனிடம் வரி பெற்ற அரசு அக்குடியேற்றத்தைத் தடுக்கவில்லை.

வானத்தின் சித்தம்

கி.மு. 132இல் ஹூசி என்னுமிடத்தில் ஹொவாங்ஹோவின் தென்கரை உடைந்தது. நீர் தென்கிழக்கே பாய்ந்து பதினாறு மாவட்டங்களை மூழ்கடித்தது. வூ பேரரசர் அனுப்பிய ஆட்கள் அடைத்த உடைப்பு மீண்டும் திறந்துகொண்டது. அப்போது முதலமைச்சராயிருந்த தியென் பென், ஆறு உடைவது வானத்தின் செயலென்றும், அதனை மனித வலிமையால் அடைக்க முயல்வது வானத்துக்கு இசைவாகாதிருக்கலாமென்றும் பேரரசருக்கு எடுத்துரைத்தார். நாளறிந்து குறி கூறுவோரும் அதனை ஆமோதித்தனர். உடைப்பு இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைக்கப்படாது விடப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பதிந்துவைத்த வரலாற்றாசிரியர் சீமா சியென் மற்றுமொரு செய்தியையும் அருகில் வைத்துள்ளார். தியென் பென்னுக்கு வருவாய் தந்த மானியநிலம் ஆற்றின் வடகரையில் இருந்தது. நீர் தெற்கே பாயும்வரை அந்நிலத்துக்கு வெள்ளமில்லை, விளைச்சலும் மிகுதி. இரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்தமையே அவ்வாசிரியரின் விமர்சனமாகும். கி.மு. 109இற் பேரரசர் நேரிற் சென்று, படைத்தலைவர் முதலாகிய அதிகாரிகள் யாவரையும் விறகுக்கட்டுச் சுமக்கச் செய்து உடைப்பை அடைத்தார். அன்று தாமும் சுமை தூக்கியதாகச் சீமா சியென் எழுதியுள்ளார். சீனத்தின் நீர்ப்பணிகளைப் பற்றிய முதலாவது வரலாற்று அத்தியாயம், அவ்வாற்றங்கரையில் விறகு சுமந்த ஒருவரால் எழுதப்பட்டதென்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே நாடகம் கி.பி. 11இல் மீண்டும் நிகழ்ந்தது. ஆட்சியைக் கைப்பற்றியிருந்த வாங் மாங், தம் முன்னோரின் கல்லறைகள் இருந்த யுவான்செங் வெள்ளத்தில் அழியுமோ என அஞ்சியிருந்தார். ஆறு உடைத்துக்கொண்டு கிழக்கே திரும்பியதும் கல்லறைகள் தப்பின. உடைப்பை அடைக்கும் பணி கைவிடப்பட்டது. வீடிழந்து அலைந்த கிழக்குப் பகுதிக் குடியானவரின் வறுமையிலிருந்து செம்புருவத்தார் கிளர்ச்சி வலுப்பெற்றது என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. கி.பி. 23இல் வாங் மாங்கின் ஆட்சி வீழ்ந்தது.

இவ்விரு உடைப்புகளுக்கும் இடையே, கி.மு. 7ஆம் ஆண்டளவில், ஜியா ராங் என்பவர் அரசுக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். முற்கூறிய குடியேற்ற வரலாற்றை நாம் அறிவது அதனாலேயே. அவர் மூன்று வழிகளைத் தரப்படுத்தினார். கரையணைகளைப் பழுதுபார்த்து உயர்த்திச் செல்வது கடைப்பட்ட வழி. வாய்க்கால்களும் மதகுகளும் அமைத்து வெள்ளத்தைப் பகிர்ந்து பாசனத்துக்கு விடுவது இடைப்பட்ட வழி. ஆற்றின் பாதையிலிருக்கும் மக்களை வேறிடங்களிற் குடியமர்த்தி, ஆறு பரந்தோட இடம் விடுவது தலையாய வழி. கரையோர மாவட்டங்கள் ஆண்டுதோறும் அணைகளுக்குச் செலவிடும் பெருந்தொகையிற் சில ஆண்டுகளுக்குரியதைக் கொண்டே இடம்பெயரும் மக்களை வாழ்விக்கலாம் என அவர் கணக்குங் காட்டினார். ஆற்றோடு நிலத்துக்காகப் போட்டியிடுதல் மடமை என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சீன அறிஞர் போற்றிப் படித்த இவ்விண்ணப்பத்தின் தலையாய வழியை அரசுகள் தவிர்த்தே வந்தன. பெயர்க்கப்படும் மக்களுக்கு நிலம் வேண்டும். நிலம் பிறர் கையில் இருந்தது.

கி.பி. 69இல் வாங் ஜிங் என்னும் பொறியியலாளர் பல இலட்சம் ஆட்களைக் கொண்டு கடல்வரை ஆயிரம் லிக்கு மேற்பட்ட கரைகளைச் சீரமைத்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஆறு ஒப்பளவில் அமைதியாயிருந்தது. இதற்கு அவருடைய திறனே காரணமெனக் கொள்வது மரபு. 1962இல் வரலாற்றுப் புவியியலாளர் தான் சிசியாங் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். ஹான் ஆட்சி தளர்ந்தபின் லோயஸ் மேட்டுநிலத்திலிருந்து உழவர்கள் விலகினர், மேய்ச்சற் குழுக்கள் அங்குப் பரவின, ஏர் ஓய்ந்த சரிவுகளிற் புல் மூடியது, மண்ணரிப்புக் குறைந்தது, ஆறு அடங்கியது என்பது அவர் கொள்கை. இது இன்றும் விவாதத்துக்குரியதே. எனினும், கீழே நிகழும் வெள்ளத்தின் காரணத்தைப் பல நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள உழவுசாலில் தேடவேண்டும் என்று காட்டியமை அதன் சிறப்பாகும்.

ஆயுதமாக்கப்பட்ட ஆறு

உயர்ந்த படுக்கையில் ஓடும் ஆறு, கரையை வெட்டத் துணிந்தவனுக்குப் படைக்கலமாகின்றது. கி.பி. 1128இற் சுங் அரசின் தளபதி து சோங், படையெடுத்து வந்த ஜின் சேனையைத் தடுக்கும் நோக்குடன் கரையை வெட்டினார். ஆறு தென்கிழக்கே திரும்பியது. பின்வந்த உடைப்புகளும் அதனை அத்திசையிலேயே செலுத்தின. அடுத்த எழுநூறு ஆண்டுகளில் ஹொவாங்ஹோ பெரும்பாலும் ஹுவாய் ஆற்றின் வழியாகவே கடலை அடைந்தது. ஜின் சேனை தடைப்படவில்லை. 1642இற் கைபெங் நகரைக் கிளர்ச்சியாளர் முற்றுகையிட்டபோது கரைகள் மீண்டும் வெட்டப்பட்டன. நகரமே மூழ்கி மூன்று இலட்சம் வரையிலான மக்கள் மாண்டனர்.

போரில்லாக் காலத்திலும் ஆட்சியாளரின் முதற்கவலை உழவனின் வயலன்று. மிங், சிங் அரசுகளுக்கு ஆண்டுதோறும் நாற்பது இலட்சம் ஷி தானியத்தைத் தெற்கிலிருந்து தலைநகர் பீக்கிங்குக்குக் கொண்டுசென்ற பெருங்கால்வாயே உயிர்நாடி. அக்கால்வாயை ஹொவாங்ஹோ குறுக்கறுத்தது. பதினாறாம் நூற்றாண்டிற் பான் ஜிசூன் என்னும் பேரறிவாளர், கரைகளை நெருக்கி நீரின் வேகத்தைக் கூட்டினால் நீரே வண்டலை வாரிச்செல்லும் என்ற கொள்கையை நடைமுறைப்படுத்தினார். நீரியல் வரலாற்றில் இது ஒரு மைல்கல். ஆயினும் வாரப்பட்ட வண்டல் ஹுவாயின் கழிமுகத்திற் படிந்து அதன் வாயை அடைத்தது. ஹுவாயின் நீர் தேங்கி ஹொங்சே ஏரி விரிந்தது. 1680இற் சிசௌ நகர் அவ்வேரியுள் மறைந்தது. தானியக் கப்பல்களுக்காக ஒரு பிரதேசம் விலையாகக் கொடுக்கப்பட்டது.

1855இல் ஆறு வடக்கே உடைத்துக்கொண்டு இன்றைய பாதைக்குத் திரும்பியது. தைப்பிங் கிளர்ச்சியில் மூழ்கியிருந்த சிங் அரசு அதனை அடைக்க முயலவில்லை. புதிய பாதைக்குத் தொடர்ச்சியான கரைகள் அமையப் பல்லாண்டுகள் சென்றன. 1887இற் செங்சௌவுக்கருகே நிகழ்ந்த உடைப்பில் மாண்டோர் தொகை ஒன்பது இலட்சம் தொடக்கம் இருபது இலட்சம் வரையென மதிப்பிடப்படுகின்றது.

இவை யாவற்றினும் கொடியது 1938ஆம் ஆண்டு யூன் 9ஆம் திகதி நிகழ்ந்தது. கைபெங் யப்பானியர் வசமாகிவிட்டது. செங்சௌ புகையிரதச் சந்தியும் அதன்வழியே வூஹான் நகரும் வீழும் நிலை. சியாங் கை-ஷேக்கின் ஆணைப்படி தேசியவாதப் படைகள் ஹுவயுவான்கோவிற் கரையை வெட்டின. ஹெனான், அன்ஹுய், ஜியாங்சு மாகாணங்களின் சமவெளிகளில் ஆறு பரந்தது. யப்பானியரின் முன்னேற்றம் சில மாதங்கள் தாமதமாயிற்று. வூஹான் அவ்வாண்டு ஒக்டோபரில் வீழ்ந்தது. மக்களுக்கு உரிய முன்னறிவிப்பு வழங்கப்படவில்லை. நீரிலும் அதன்பின் வந்த பசியிலும் நோயிலும் மாண்டோர் நான்கு இலட்சம் தொடக்கம் ஒன்பது இலட்சம் வரையெனவும், வீடிழந்தோர் பல இலட்சம் எனவும் கணக்கிடப்பட்டுள்ளது. யப்பானியக் குண்டுவீச்சே கரையை உடைத்ததென அரசு அப்போது அறிவித்தது.

ஒன்பது ஆண்டுகள் ஆறு அவ்வழியே அலைந்தது. 1947இல் ஐக்கிய நாடுகள் நிவாரண, புனர்வாழ்வு நிருவாகத்தின் உதவியோடு உடைப்பு அடைக்கப்பட்டபோது புதியதொரு சிக்கல் எழுந்தது. வரண்டு கிடந்த பழைய படுக்கையில் இதற்குள் இலட்சக்கணக்கான மக்கள் குடியேறியிருந்தனர். அப்பகுதியோ பொதுவுடைமைக் கட்சியினரின் தளமாயிருந்தது. ஆற்றைத் திருப்புவது நிவாரணமா, போர்த்தந்திரமா என்பது பேச்சுவார்த்தை மேசையின் விவாதப்பொருளாயிற்று. கரை வெட்டப்பட்டபோது ஒரு கூட்டத்தார் மூழ்கினர். அடைக்கப்பட்டபோது மறுகூட்டத்தார் பெயர்க்கப்பட்டனர். இரண்டு தடவையும் அம்மக்களின் கருத்துக் கேட்கப்படவில்லை.

சன்மென்சியாவின் பாடம்

1949இன் பின்னர் அமைந்த மக்கள் குடியரசு கரைகளைப் பெருமுயற்சியோடு உயர்த்தியது. 1958 யூலையில் செக்கனுக்கு 22,300 கனமீற்றர் அளவில் வந்த பெருவெள்ளத்தை, ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் கரைகளில் நின்று எதிர்கொண்டனர். பிரதான கரை உடையவில்லை. அன்றுதொட்டு இன்றுவரை கோடைவெள்ளத்தில் அது உடையாதிருப்பது மறுக்கவொண்ணாத சாதனை.

ஆயினும் அதே காலப்பகுதியில் எழுந்த சன்மென்சியா அணைக்கட்டு வேறொரு கதையைக் கூறுகின்றது. மகான் ஒருவன் தோன்றும்போது ஹொவாங்ஹோ தெளியும் என்பது சீனத்தின் பழமொழி. புதிய அரசு அத்தெளிவைக் கட்டியெழுப்ப விரும்பியது. சோவியத் நிபுணரின் வடிவமைப்பில் 1957இல் வேலை தொடங்கியது. சிங்குவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி அவ்வாண்டு நடைபெற்ற கூட்டத்தில் இதனை எதிர்த்தார். தெளிந்த நீரைக் கீழே விடும் அணை வண்டல் முழுவதையும் மேலே தேக்கும். வெய் ஆற்றின் படுக்கை உயரும். கீழேயுள்ள வெள்ளம் மேலே இடம்பெயரும் என்பது அவர் வாதம். கட்டியே தீரவேண்டுமாயின், அடித்தளத்திலுள்ள திசைதிருப்பு வாயில்களையேனும் அடைக்காது விடுமாறு அவர் வேண்டினார். வாயில்கள் அடைக்கப்பட்டன. பேராசிரியர் வலதுசாரியென முத்திரை குத்தப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டார்.

1960 செப்ரெம்பரில் நீர் தேக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் வந்த வண்டலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்த்தேக்கத்துட் படிந்தது. துங்குவானில் ஆற்றுப்படுக்கை நான்கு மீற்றருக்கு மேல் உயர்ந்தது. வெய் ஆற்றின் வெள்ளம் சீயான் நகரை அச்சுறுத்தியது. 1962இல் நீரைத் தேக்கும் முறை கைவிடப்பட்டது. பின்னர் புதிய சுரங்கவழிகள் குடையப்பட்டன. அடைத்த அடிவாயில்கள் பெருஞ்செலவில் மீண்டும் திறக்கப்பட்டன. நீர்த்தேக்கத்துக்காகப் பெயர்க்கப்பட்ட இலட்சக்கணக்கான உழவர்கள் வரண்ட மேட்டுநிலங்களிற் குடியமர்த்தப்பட்டனர். 2003இல் வெய் ஆறு பெருகி அழிவு விளைத்தபோது, 2001இல் மறைந்துவிட்ட அப்பேராசிரியரின் எச்சரிக்கை மீண்டும் நினைவுகூரப்பட்டது. வண்டலின் இயல்பு 1957இலும் அறியப்பட்டிருந்தது. அறிந்தவர் பேசுவதற்கு இடமில்லாமையே அனர்த்தமாயிற்று.

வற்றிய ஆறும் வெப்பமடையும் வானும்

ஈராயிரம் ஆண்டுகள் பெருக்கினால் அச்சுறுத்திய ஆறு 1972இல் தன் கீழ்ப்பகுதியில் வற்றியது. 1990ஆம் ஆண்டுகளில் இது ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாயிற்று. 1997இல் ஆற்றுவாய்க்கு அண்மையிலுள்ள லிஜினில் 226 நாட்கள் நீரோட்டமில்லை. வரண்ட பகுதி கைபெங் வரை ஏறத்தாழ 700 கிலோமீற்றர் நீண்டது. மழைக்குறைவு ஒரு காரணம். மேற்பகுதி மாகாணங்கள் பாசனத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளவிறந்து நீர் எடுத்தமை பெருங்காரணம். 1999இல் நீர்ப்பங்கீடு மத்திய கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவரப்பட்டதும் வற்றுதல் நின்றமை, அனர்த்தத்தின் வேர் எங்கிருந்தது என்பதை உணர்த்தும்.

அதே காலத்தில் லோயஸ் மேட்டுநிலத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. படிமுறை வயல்கள், ஓடைகளின் குறுக்கே எழுப்பிய சிற்றணைகள், 1999இல் தொடங்கிய சரிவுநில மீள்காடாக்கம், மேலுள்ள நீர்த்தேக்கங்கள் ஆகியவற்றாற் சராசரி வண்டல் பழைய அளவில் ஐந்திலொன்றுக்கும் கீழே வந்துள்ளது. 2001இல் நிறைவுற்ற சியாவ்லாங்டி நீர்த்தேக்கத்திலிருந்து 2002 முதல் நீரைத் திட்டமிட்டுப் பாய்ச்சி, கீழ்ப்படுக்கையில் ஓடும் வழி ஆழமாக்கப்பட்டு வருகின்றது. வண்டல் வரத்துக் குன்றியதால் கழிமுகத்தின் சில பகுதிகளைக் கடல் அரிப்பதும் இதன் மறுபக்கமாகும். பேரணைகளுக்கிடையேயான வெள்ளச் சமவெளியிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இன்றும் வாழ்கின்றனர். ஜியா ராங் கண்ட காட்சி முற்றாக மறைந்துவிடவில்லை.

இந்நிலையிலேயே காலநிலை மாற்றம் புகுந்துள்ளது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர வளி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைக் கொள்ளும். கடும் மழை மேலும் கடுமையாகும். 2021 யூலை 20ஆம் திகதி செங்சௌ நகரில் ஒரு மணித்தியாலத்தில் 201.9 மில்லிமீற்றர் மழை பெய்தது. அந்நகரின் ஆண்டுச் சராசரியே 640 மில்லிமீற்றர் அளவினது. ஹொவாங்ஹோவின் கரை அன்று உடையவில்லை. வெள்ளம் நகரின் வீதிகளிலும் சுரங்கப்பாதைகளிலும் எழுந்தது. ஹெனான் மாகாணத்தில் 398 பேர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். 2022இல் வெளியான அரசின் விசாரணை அறிக்கை, மழை அசாதாரணமானதெனினும் எச்சரிக்கைகளுக்கு உரிய நேரத்திற் செவிசாய்க்காமை இழப்பைக் கூட்டியதென்றும், செங்சௌ அதிகாரிகள் 139 பேரின் மறைவை வெவ்வேறு கட்டங்களில் மறைத்தனர் என்றும் ஏற்றுக்கொண்டது.

முடிவாக

ஹொவாங்ஹோவின் வரலாற்றில் இயற்கையின் பங்கை மறுப்பதற்கில்லை. பாலைக்காற்று கொணர்ந்த மண்ணும், பருவக்காற்று பொழியும் மழையும், சமவெளியின் சாய்வும் மனிதன் படைத்தவையல்ல. ஆனால், அம்மண்ணை எவர் உழுவது, அந்நீர் எக்கரையிற் பாய்வது, எவருடைய ஊர் ஆற்றுக்குள் இருப்பது, எவருடைய எச்சரிக்கை கேட்கப்படுவது என்பன ஒவ்வொரு காலத்திலும் தீர்மானிக்கப்பட்டன. தீர்மானித்தவர் பெரும்பாலும் மேட்டிலும், அனுபவித்தவர் பெரும்பாலும் பள்ளத்திலும் இருந்தனர்.

தியென் பென் தம் வடகரை நிலத்தைக் காக்க வானத்தின் சித்தத்தைத் துணைக்கழைத்தார். காலநிலை மாற்றம் மெய்யானது. அதன் காரணமும் மனிதனே என்பது இன்று நிறுவப்பட்டுள்ளது. ஆயினும், வடிகாலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்ப அனுமதித்தவரும், எச்சரிக்கையைக் கோப்பிற் புதைத்தவரும் இனி அதனையே புதிய வான்சித்தமாகச் சுட்டித் தப்பிக்கொள்ள முனையலாம். அவ்விடத்திற் புவியியலோடு வரலாறும் சேர்ந்து நின்று, நிலம் எவருடையது, கரை எவர்க்காகக் கட்டப்பட்டது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பியமையாலேயே, விறகுச் சுமையை இறக்கிவைத்துவிட்டு எழுத அமர்ந்த அப்பண்டை வரலாற்றாசிரியர் இன்றும் வழிகாட்டியாக விளங்குகின்றார்.